ஒன்பதாவது பாட்டு

தங்கப்பழம் கட்டிய பாட்டுகளில் ஊருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதை ஊருக்குத் தெரியவைத்த புண்ணியவான் நான். பெயர் பரமசிவன். சங்கரன்கோவிலில் இருபத்தெட்டு வருஷமாக ரேடியோ செட் போடுகிறேன். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, சாவு விழுந்த துஷ்டி வீடு, எதற்குக் கூப்பிட்டாலும் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன்.

தங்கப்பழம் விசைத்தறி ஓட்டுகிறவன். எங்கள் தெருதான், என்னைவிட நாலு வயசு சின்னவன். தறி ஓடும்போது அவன் வாய் சும்மா இருக்காது. பேப்பரில் எழுதுகிற வழக்கமெல்லாம் கிடையாது. சாயந்திரம் தறி நின்றதும் முழுப் பாட்டாகப் பாடிக் காட்டுவான். மானாவாரிக் காட்டில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கிறவன் மேல் ஒரு பாட்டு. சந்தையில் ஆட்டைத் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு மாமியார் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை மேல் ஒரு பாட்டு. கொடை மேடையில் இந்த ஆட்டுப் பாட்டை எடுத்தான் என்றால் பொம்பளைகள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் மதுரைக்குப் போய் ஒரு சி.டி. போட்டான். நானும் துணைக்குப் போயிருந்தேன். எட்டுப் பாட்டு முடிந்தபோது ஸ்டூடியோவில் அரை மணி நேரம் மிச்சமிருந்தது. வீணாக்குவானேன் என்று, அவன் அம்மா இறந்தபோது கட்டிய ஒப்பாரியை ஒன்பதாவதாகப் பாடினான்.

“வெந்நி வச்சு நானிருக்கேன், வெளிய போன எந்தாயே
வெந்நி ஆறிப் போச்சுதம்மா, வீடு வரக் காணலியே.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ரெக்கார்டிங் ஆள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான்.

அந்த மாசமே எங்கள் பக்கத்தில் ஒரு துஷ்டி வீடு. நான் ஒன்பதாவது பாட்டை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். காலையிலிருந்து கல்லுப்போல நின்றிருந்த மூன்று மகன்களும் குலுங்கி அழுதார்கள். மறுநாளே மற்ற செட்டுக்காரர்கள் என்னிடம் வந்து நின்றார்கள். ஒருத்தன் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் காப்பி பண்ணிக் கொடுத்தேன். மிச்ச எட்டுப் பாட்டை அவர்கள் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. கூட்டாளிக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு எனக்கு.

மூன்றே வருஷத்தில் குருவிகுளத்திலிருந்து வாசுதேவநல்லூர் வரைக்கும் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் அழுவது தங்கப்பழம்தான் என்றாகிவிட்டது. அதோடு கொடைக்குக் கூப்பிடுவது நின்றது. அம்மன் சன்னதியில் துஷ்டி வீட்டுக் குரல் எதற்கு என்றார்கள். அவன் போனில் பேசினால் சொந்தக்காரர்கள் பதறினார்கள். அதனால் அவன் பெண்டாட்டி, உயிரோடு இருந்த மட்டும், தானே போனை வாங்கிப் பேசிவிட்டு அப்புறம் அவனிடம் கொடுப்பாள். டீக்கடையில் “அண்ணாச்சி, மெதுவாப் பேசும், பாலு திரிஞ்சிரும்” என்று கிண்டல் செய்வார்கள். அவனும் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சகிக்காது.

மகள் இசக்கிச்செல்விக்கு வாசுதேவநல்லூரில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான்.

“அண்ணாச்சி, ராஜபாளையத்துல போயிப் பாடிட்டு வந்தேன். எம் மகளுக்குக் கட்டுன பாட்டு.”

“மேடையிலயே பாட வேண்டியதானல?”

“அவ மொகத்தப் பாத்தா அழுதுருவேன். தாலி கட்டி முடிச்சு, பந்தி நடக்கயில போடுங்க. ஒரு கல்யாண வீட்டுல என் குரல் முழுசாக் கேக்கணும் அண்ணாச்சி. ஒரே ஒரு தடவ. மண்டபத்துக்குள்ள மட்டும் போதும். வெளிக் குழாயில போட்டுராதீங்க.”

அவன் அத்தனை தெளிவாகச் சொல்லியிருந்தான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. இவன் வெறும் சாவுப் பாட்டுக்காரன் இல்லை என்று ஊரே கேட்கட்டும் என்று ஒரு வீராப்பு வந்தது. மண்டப வாசலில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள் பஸ் ஸ்டாண்டு ரோட்டைப் பார்த்துக் கட்டியிருந்தேன். அந்த சுவிட்சையும் சேர்த்துப் போட்டுவிட்டேன்.

“வளையல் குலுங்க நடந்து போடி, வாசக் கோலம் பாத்துப் போடி
அப்பன் தறி ஓடும் சத்தம் அங்கன வந்து கேக்குமாடி.”

மேடையில் இருந்த இசக்கிச்செல்வி சட்டென்று நிமிர்ந்து அப்பாவைத் தேடினாள். அவன் தூணில் சாய்ந்து நின்றான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். முதல் அடி நன்றாகத்தான் போயிற்று.

அப்போதுதான் வாசலில் அழுகைச் சத்தம். தங்கப்பழத்தின் அக்கா வள்ளித்தாய், குருவிகுளம் பஸ் லேட்டாகி அப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறாள். ரோட்டில் கால் வைத்ததுமே குழாயில் தம்பியின் குரல். அந்தக் குரல் ஒரு வீட்டில் கேட்டால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாட்டு என்ன சொல்கிறது என்று காது கொடுக்கிற நிலையிலா இருந்தாள்? நெஞ்சில் நோவு இருக்கிற தம்பிக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று கொண்டையை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் வந்துவிட்டாள்.

“ஏ என் தம்பி, மகளுக்கு மால விழுந்த அன்னைக்கா என்னய விட்டுட்டுப் போன.”

தூணருகே நின்ற தம்பியைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பந்தியில் ஒருவரும் சாப்பிடவில்லை. அவன் குரல் மட்டும் பாடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா முத்துமாரியம்மாள் கெட்ட மனுஷி இல்லை. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. முகம் வெளுத்துப்போய், மகனையும் மருமகளையும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ச் சூடம் சுற்றினாள். எனக்குக் கை ஓடவில்லை. தங்கப்பழமே நடந்து வந்து வயரைப் பிடுங்கினான்.

“போதும் அண்ணாச்சி.”

வெளிக் குழாயை ஏன் திறந்தீர் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்கப்புறமும் கேட்கவில்லை. கேட்டு நாலு வசவு வைதிருந்தால் எனக்குத் தேவலை. பென் டிரைவையும் திருப்பிக் கேட்கவில்லை. அது என் வயர்ப் பெட்டியிலேயே கிடந்தது. அதன்பின் அவன் பாடி யாரும் கேட்டதில்லை. தறி ஓடும்போது வாயை மூடியே இருந்தான் என்று பக்கத்துத் தறிக்காரன் சொன்னான்.

நாலு வருஷம் அப்படியே போனது. போன புரட்டாசியில் ஒரு மத்தியானம், தறிக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

செட்டை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் குழாயைக் கட்டி வயர் இழுத்தேன். ஒன்பதாவது பாட்டைப் போடப் போகும்போது இசக்கிச்செல்வி எழுந்து வந்தாள்.

“பெரியப்பா, அந்தப் பென் டிரைவ் இருக்கா?”

“இருக்கு மக்கா.”

“அதப் போடுங்க. இன்னைக்கு அப்பா எந்திரிச்சு வந்து நிப்பாட்ட மாட்டாங்க.”

போட்டேன். வளையல் குலுங்க நடந்து போடி என்று அவன் குரல் தெருவுக்குள் போனது. பாட்டில் கோலம் வந்தது, குங்குமம் வந்தது, மாப்பிள்ளை வீட்டுத் தொட்டில் வந்தது. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அந்தக் குரலுக்கு அழுதே பழகிய சனம், அழுதது. பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து மாலையும் கையுமாக ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். தம்பியின் தலைமாட்டில் இருந்த வள்ளித்தாய் மட்டும் முதல் வரியிலேயே தலையைத் தூக்கிக் குழாயைப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

பாட்டு முழுசாக ஓடி முடிந்தது. முத்துமாரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகளிடம் கேட்டாள்.

“ஏட்டி, இந்த ஒப்பாரி எப்பப் பாடுனது? அந்தப் பழசவிட இதுல்லா நெஞ்ச அறுக்கு.”

இசக்கிச்செல்வி என்னைப் பார்த்தாள்.

“எனக்குன்னு பாடுனது அத்தை.”

என் தோளுக்குப் பின்னாலிருந்து லிங்கேஷ், இப்போது புதிதாகச் செட்டு போடுகிற பையன், போனை நீட்டினான். “அண்ணாச்சி, இத எனக்கும் ஏத்திக் குடுங்க. நாளைக்கு ஒரு துஷ்டி இருக்கு.”

பென் டிரைவைப் பிடுங்கி இசக்கிச்செல்வியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டேன். “வீட்டுக்குள்ள வச்சுக் கேளு மக்கா. வெளிய குடுத்துராத,” என்றேன். பதினாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கு வந்திருக்க வேண்டிய புத்தி.

தூக்குகிற நேரமாகிவிட்டது. வேறு வழியில்லாமல் ஒன்பதாவது பாட்டைப் போட்டேன். வெந்நி ஆறிப் போச்சுதம்மா என்று தங்கப்பழம் அழ, தெரு முனை வரைக்கும் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.