ஜெகன் சார் போட்ட ஊறல்

கல்யாணமான ஆண்பிள்ளை ஒருவர் தானாக முன்வந்து, "அந்த அறையை நானே பெருக்கித் துடைத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் சந்தேகப்படாமல் வேறு என்ன செய்வது? பன்னிரண்டு வருடமாக டில்லியில் நாலு வீடு மாற்றி நாலு வீடு வேலை பார்க்கும் குஞ்சம்மாளுக்கு இப்படி ஓர் அதிசயம் வாய்த்ததே இல்லை. கிட்வாய் நகர் அரசு குடியிருப்பில் ஒன்பதாவது மாடிக்காரரான ஜெகன் சார் அதைச் சொன்ன அன்றே அவளுக்குள் உறுத்தல் தொடங்கிவிட்டது.

"பின் ரூமை நான் பாத்துக்கறேன் குஞ்சம்மா. நீங்க ஹாலையும் கிச்சனையும் முடிச்சா போதும்," என்றார் அவர்.

சொன்னதோடு நிற்காமல் அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவருக்கு ஏதோ ஒரு மத்திய அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர் உத்தியோகம். மனைவி பிரியதர்ஷினி, தங்கையின் பிரசவத்துக்காக மகளையும் அழைத்துக்கொண்டு கோயம்புத்தூர் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. வீட்டில் மேடம் இல்லை, ஓர் அறை பூட்டியிருக்கிறது என்றால் குஞ்சம்மாளின் புத்தி நேராக எங்கே போகுமோ அங்கேதான் போயிற்று.

இரண்டு நாள் துப்பறிந்தாள். குளியலறைச் சாக்கடை வாயில் நீள முடி சிக்கியிருக்கிறதா என்று பார்த்தாள். தேய்க்கப் போட்ட பாத்திரத்தில் இரண்டு தட்டு விழுகிறதா என்று எண்ணினாள். ஒரே தட்டு, ஒரே டம்ளர், அதிலும் மிச்சம் வைத்த மேகி. இந்த மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அவளுக்கே கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

மூன்றாம் நாள் மிக்சி ஜாடியின் கத்திக்கு அடியில் உடைந்த தானியம் ஒட்டியிருந்தது. கோதுமை போல இருந்தது, ஆனால் கோதுமையைவிட ஒல்லி. சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். சிலவற்றில் முளைகூட விட்டிருந்தது.

"என்னா சார் இது?"

"ரை. குளிர்தேசத்துத் தானியம். டயட்டுக்காக," என்றார் ஜெகன் சார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

டயட்டாம். போன ஞாயிற்றுக்கிழமை ஒரே ஆளாக எண்ணெய் சொட்டும் சோலே பட்டூரே நான்கு வரவழைத்துத் தின்றவர் அவர். அட்டைப் பெட்டிகளை எடுத்துப் போட்டவளே அவள்தான்.

அதற்கடுத்த நாள் பெரிய அலுமினியப் பாத்திரம் ஒன்று தேய்க்க வந்தது. உள்ளே காய்ந்த கஞ்சி. கஞ்சியா அது, போஸ்டர் ஒட்டும் பசை! முக்கால் மணி நேரம் சுரண்டியும் அடியில் ஒட்டியது விடவில்லை. பக்கத்தில் நீளமான தெர்மாமீட்டர் ஒன்று கிடந்தது. மேஜையில் ஐ.என்.ஏ. மார்க்கெட் பையில் இட்லி அரிசியோடு ரொட்டிக்காரர்கள் போடும் ஈஸ்ட் பொட்டலங்கள் நாலைந்து இருந்தன. குஞ்சம்மாள் எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொண்டாள்.

வாசனைதான் காட்டிக்கொடுத்தது. நவம்பர் மாதம், ஊரெல்லாம் புகை, எந்த வீட்டு ஜன்னலும் திறந்திருக்கவில்லை. அதனால் இவர் ஜன்னலை அடைத்திருப்பதை யாரும் வித்தியாசமாக நினைக்க மாட்டார்கள். ஆனால் சாமி படத்துக்குப் பூ வைக்கவே சோம்பல்படுகிறவர், நான்கு ஊதுபத்தி ஏற்றி வைத்திருந்தார். அந்தப் புகையையும் மீறி வந்தது, புளித்த மாவும் அழுகிய வாழைப்பழமும் சேர்ந்த ஒரு நெடி. துடைக்கிற சாக்கில் பூட்டிய கதவருகே உட்கார்ந்து காது வைத்தாள். உள்ளே ஏதோ நிதானமாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

ஊறல்! அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விழுப்புரம் பக்கம் அவள் ஊரில் சவுக்குத் தோப்புக்குள் பள்ளம் வெட்டிப் புதைத்து வைப்பார்கள் ஊறல் பானையை. இங்கே லிஃப்ட் வைத்த அரசாங்க வீட்டில், ஒன்பதாம் மாடியில், படித்த மனுஷன் ஒருவர் சாராயம் காய்ச்சுகிறார்.

சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. போலீஸ் வந்தால் முதலில் யாரைப் பிடிப்பார்கள்? போன வருடம் மேடத்தின் தோடு ஒன்று காணாமல் போனபோது குஞ்சம்மாளின் பையைத்தான் கொட்டிப் பார்த்தார்கள். தோடு வாஷிங் மெஷினுக்கு அடியிலிருந்து கிடைத்தது. அதற்குப் பிறகு ஒரு மன்னிப்புக்கூட யார் வாயிலிருந்தும் வரவில்லை.

மேலும் பத்து நாள் போயிற்று. ஒரு சனிக்கிழமை காலையில் அவள் வந்தபோது பின் அறைக் கதவு விரியத் திறந்திருந்தது. ஜெகன் சாரால் அதற்குமேல் அடக்கிக்கொள்ள முடியவில்லை போலும். யாரிடமாவது பெருமையடித்துக்கொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் என்பது போல நின்றிருந்தார்.

"உள்ள வாங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாது, சரியா?"

அறைக்குள் மேடத்தின் பெரிய பிரஷர் குக்கர் இருந்தது. அதன் மூக்கிலிருந்து ஏ.சி. மெக்கானிக்குகள் வைத்திருக்கும் செம்புக் குழாய் சுருண்டு சுருண்டு ஐஸ் வாளிக்குள் இறங்கி, அடிப்பக்கமாக வெளியே வந்தது. அதன் வாயில் ஒரு கண்ணாடிக் குடுவை. குடுவையில் இருந்தது தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது.

"விஸ்கி. முழுக்க ரைலயே பண்ணது. ஒரு ஸ்பூன் சர்க்கரை போடலை. நானே முளைகட்டி, காயவெச்சு, அரைச்சு, சூடு பாத்துக் கரைச்சு, புளிக்கவெச்சு..." பிள்ளை பெற்றவர் மாதிரி அவர் குரல் குழைந்தது. "முதல் தடவைங்க. நமக்கு வராதுன்னுதான் நெனச்சேன்."

"அச்சா சார்," என்றாள் அவள்.

"ஒண்ணே ஒண்ணுதான். முதல்ல வடியறதைக் கொட்டிடணும். அது விஷம்."

"எவ்ளோ சார் கொட்டணும்?"

ஜெகன் சார் பிடரியைச் சொறிந்தார். "வீடியோல ஒருத்தன் அம்பது மில்லிங்கறான், இன்னொருத்தன் நூறுங்கறான். நான் நடுவாந்தரமா எடுத்துக்கிட்டேன்." பிறகு சர்வசாதாரணமாகக் கேட்டார். "லட்சுமணன் குடிப்பார்தானே?"

லட்சுமணன் குஞ்சம்மாளின் புருஷன். பெயின்ட் வேலை. போன வருடம் இந்த வீட்டு பால்கனிக் கம்பிக்கு வர்ணம் அடித்தவன் அவன்தான். குடிப்பான். குடிக்காத நாளில் அவனைப்போல நல்லவன் கிடையாது, பூண்டு உரித்துக் கொடுப்பான், அவள் காலைப் பிடித்துவிடுவான். அந்த நாட்களை நம்பித்தான் அவள் மற்ற நாட்களைத் தள்ளுகிறாள்.

"ஒரு சின்ன பாட்டில் தர்றேன். குடிச்சிட்டு எப்படி இருக்குன்னு சொல்லச் சொல்லுங்க. அவருக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

அவளைக் கேட்காமலே புருஷனுக்குப் போன் போயிருக்கிறது. பழைய சட்டை ஒன்றைத் தருவதற்கே மேடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறவருக்கு இப்போது கை இப்படி நீளுகிறதே! அவள் ஊரில் சாராயம் காய்ச்சுகிறவன் அப்படித்தான் செய்வான். புது ஊறலின் முதல் டம்ளரைக் காசில்லாமல் யாராவது ஒரு குடிகாரனுக்கு ஊற்றிக் கொடுப்பான். கொடுத்துவிட்டு ஒரு பொழுது காத்திருப்பான். அவன் எழுந்து நடந்தால்தான் மற்றவர்களுக்கு விற்பனை. அப்படி ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தவன்தான் அவள் அண்ணன் வேணு. அண்ணன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான். சோற்றுத் தட்டை மட்டும் தடவித்தான் கண்டுபிடிக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே லட்சுமணன் துள்ளிக்கொண்டிருந்தான். "பெரிய எடத்து சரக்கு. ஜல்தி வந்துரு," என்று அவளைப் பஸ் ஏற்றிவிட்டான். அண்ணன் கதையை அவள் எடுத்தபோது, "அவரு படிச்ச மனுசன்டி, உங்க ஊரு மடையனா?" என்று சிரித்தான். அவன் அப்படிச் சிரித்தது அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அவள் ஹாலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஜெகன் சார் பால்கனியில் நண்பரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "இல்லடா மதன், நான் இன்னும் வாயில வைக்கலை. திங்கக்கிழமை வரட்டும், பாத்துக்கலாம்."

திங்கட்கிழமை எதற்கு? மாப்புக் கட்டையைப் பிடித்தபடி அவள் அப்படியே நின்றாள். இன்று ஞாயிறு. இன்று லட்சுமணன் குடிப்பான். நாளை திங்கள்.

வேலையை முடித்தாள். செய்தித்தாளில் சுற்றிய பாட்டிலை அவரே அவள் பைக்குள் வைத்தார். எந்த வீட்டிலிருந்து வேலைக்காரி எதை எடுத்துப் போனாலும் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் கேட்டில் விட மாட்டார்கள். சீட்டையும் எழுதி மடித்துக் கொடுத்தார். இங்கிலீஷில் இருந்தது, அவளுக்குப் படிக்கத் தெரியாது.

கேட்டில் காவல்காரன் சீட்டைப் பிரித்து, நோட்டில் பதிந்துகொண்டே உரக்கப் படித்தான். "பினைல். ஏக் போத்தல். டீக் ஹை ஆன்ட்டி, ஜாயியே."

பினாயில்.

"பாய் சாப், ஏக் மினிட்," என்று சீட்டைப் பிடுங்கிக்கொண்டு அவள் திரும்பி நடந்தாள். லிஃப்டில் ஒன்பது மாடி ஏறுவதற்குள் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது போல இருந்தது. நாளைக்கு லட்சுமணன் கண் தெரியாமல் கிடப்பான், அல்லது கிடக்கக்கூட மாட்டான். போலீஸ் கேட்கும். சீட்டு இருக்கிறது, நோட்டில் பதிவு இருக்கிறது. தரை துடைக்கப் பினாயில் கொடுத்தார் ஐயா, அதைக் குடித்துத் தொலைத்தான் குடிகாரன். இரண்டு வரியில் முடிந்துவிடும். அப்படியெல்லாம் அவர் யோசித்திருப்பாரா என்றும் தோன்றியது. யோசிக்காமலே எழுதியிருந்தால்கூட எழுத்து எழுத்துதானே.

கதவைத் திறந்த ஜெகன் சார் திகைத்தார். "என்ன, கேட்ல புடிச்சிட்டானா?"

"இதுல என்னா சார் எழுதியிருக்கீங்க?"

அவர் முகம் சிவந்தது. "விஸ்கின்னா எழுத முடியும் குஞ்சம்மா? என் வேலையே போயிடும்."

"நியாயந்தான் சார்." அவள் சமையலறைக்குப் போனாள். அவரும் பின்னாலேயே வந்தார். பாட்டிலைப் பிரித்து, அவர் தினமும் காபி குடிக்கும் டம்ளரில் கால் டம்ளர் ஊற்றினாள். மேடையில் அவர் பக்கமாக நகர்த்தினாள். ஒன்பதாயிரம் சம்பளம் தருகிற வீடு இது.

"ஒரு மடக்கு குடிங்க சார். நீங்க குடிச்சிட்டீங்கன்னா நான் எடுத்துட்டுப் போறேன்."

"நான் என்ன விஷமா குடுக்கறேன்?"

"தெரியல சார். அதான் கேக்கறேன்."

அவளுடைய போன் அடித்தது. லட்சுமணன். அடித்து நின்று மறுபடி அடித்தது. அவள் அணைத்துவிட்டாள். ஜெகன் சார் டம்ளரை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். மூன்று வாரம் கண்ணுக்குள் வைத்து வளர்த்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகக் கீழே வைத்தார்.

"நாளைக்கு எனக்கு ஆபீஸ் இருக்கு," என்றார்.

"எங்க வீட்டுக்காரருக்கும் நாளைக்கு வேலை இருக்கு சார்."

அவளுக்குக் கோபத்தில் கண்ணில் நீர் முட்டியது. டம்ளரில் இருந்ததையும் பாட்டிலில் இருந்ததையும் சிங்க்கில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டாள். ஜெகன் சார் தடுக்காமல் ஓரமாக நகர்ந்துகொண்டார்.