நீலப் பூச்சாடி

மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கில் எடைபோடும் வேலை பார்த்த வைத்தீஸ்வரனின் வீட்டு முன்னறையில், 1955 மே மாதக் கடைசியிலிருந்து 1964 ஜூன் வரைக்கும் காலை பத்து மணியாகவே இருந்தது. வீட்டின் மற்ற இடங்களில் பொழுது வழக்கம்போல விடிந்து, வழக்கம்போல அடைந்தது. அடுக்களையில் அந்தி விளக்கு ஏற்றும் நேரத்திலும் முன்னறைத் தரையில் இளவெயில் கிடந்தது. முதல் ஒரு மாதம் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் அரிசி விலை ஏறியது. அதைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

இது வைத்தீஸ்வரனின் மனைவி கனகாம்பாள் வேண்டுமென்றே செய்த காரியம். அவர்களுடைய ஒரே மகள் கங்காவுக்கு அப்போது பதினொரு வயது, பிறந்ததிலிருந்தே இழுப்பு. வேனலில் ஓடி விளையாடுவாள். ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கிச் சுவர் வியர்த்து, உலராத துணியில் பூசணம் பூக்க ஆரம்பித்தால், மூச்சு கிடைக்காமல் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இன்னொரு மழைக்காலத்தை இவள் தாண்ட மாட்டாள் என்று அந்த வருஷம் வைத்தியர் சொன்னார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டா இதைச் சொல்வது என்று கனகாம்பாளுக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

அந்த வாரம் வைத்தீஸ்வரன் சுக்கு பொதிந்து கொண்டுவந்த தாள், யாரோ துரைசானி படித்துப் போட்ட சீமைப் பத்திரிகையின் வழவழப்பான பக்கம். வேனலுக்கு வீட்டை எப்படிச் சிங்காரிப்பது என்று காட்டும் வண்ணப்படம் அதில் இருந்தது. ஜன்னலில் வெள்ளை லேஸ் திரை, மஞ்சள் மெத்தை போட்ட பிரம்பு நாற்காலி, தரையில் வட்டப் பாய், சுவரில் மீன் எழுதிய பீங்கான் தட்டு, அலமாரியில் நீலப் பூச்சாடி. அறையில் ஆள் இல்லை. மழை என்று ஒன்று உண்டென்றே அறியாத அறை. “இந்தப் படத்திலே இருக்காப்லயே ஆத்தை வச்சுண்டா, மழை என்னத்துக்கு உள்ளே வரது?” என்று கனகாம்பாள் புருஷனைக் கேட்டாள். அவர் சுக்கை எடுத்துக்கொண்டுபோய் அடுக்களையில் வைத்தார்.

யூதர்கள் குடியிருந்த ஜூ டவுனில் குடும்பங்கள் ஒவ்வொன்றாக இஸ்ரேலுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த சமயம் அது. அவர்கள் விட்டுப்போன சாமான்களை வாங்கி விற்ற முகமது இஸ்மாயில், படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பத்து நாளில் திரையும் நாற்காலியும் பாயும் தட்டும் கொண்டுவந்து இறக்கினார். கனகாம்பாள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். பூச்சாடி மட்டும் அகப்படவில்லை. அது நிற்க வேண்டிய இடம் மொட்டையாகத் தெரிந்ததால், குழந்தையின் கன்னத்தில் வைப்பதுபோல, அலமாரிக்குப் பின்சுவரில் கண்மையால் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள். எல்லாம் நிறைவாக இருந்தால் கண் படும், ஒரு குறை இருக்கட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். பொட்டு வைத்துக் கையை எடுத்த நிமிஷம் அறையில் பத்து மணி ஆனது. ஜூன் முதல் வாரம் மழை அடித்துக்கொண்டு வந்தது. முன்னறைச் சுவர் அப்பளம்போல உலர்ந்திருந்தது. கங்கா பிரம்பு நாற்காலியில் சாய்ந்து நன்றாக மூச்சு விட்டாள்.

மழைக்காலத்தில் அவள் அந்த நிலைப்படியைத் தாண்டக் கூடாது என்பது சட்டமாயிற்று. கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு தூங்கப் பழகினாள். தாவணி போட்டாள், பிறகு புடவை கட்டினாள். பாலக்காட்டிலிருந்து ஒரு தடவை பெண் பார்க்க வந்தவர்கள் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே நுழைந்து, இரண்டு நிமிஷத்தில் வேட்டி உலர்ந்துபோனதைப் பார்த்துப் பயந்து, பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கங்காவுக்கு அதில் வருத்தமில்லை. அவள் கேட்டதெல்லாம் வேறு. “மழை நனஞ்சா எப்படியாக்கும்மா இருக்கும்?” “வலிக்கும்” என்றாள் கனகாம்பாள். “ஒரே ஒரு தரம் முற்றத்திலே நின்னுட்டு வரட்டுமா?” கனகாம்பாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பெற்றவளுக்கு வேறென்ன தோன்றும்?

ஒன்பதாவது வருஷம் லேஸ் திரை நைந்து கிழிந்தது. சுவரோரத்தில் கையகலம் ஈரம் தெரிந்தது. கங்கா இருமினாள். கனகாம்பாள், பூச்சாடி இல்லாத குறைதான் இது என்று முடிவு கட்டி, தினமும் இஸ்மாயிலுக்கு ஆள் அனுப்பினாள். ஜூன் பத்தாம் தேதி அவர் சாக்கில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தார். “ஒம்பது வருஷமா தேடின சாதனமாணு மாமி. இது தன்னே அல்லே?” அதுவேதான்.

நல்ல பொருளை வைக்கிற இடம் சுத்தமாக இருக்க வேண்டாமா? முந்தானை நுனியை நனைத்து அலமாரியைத் துடைத்தாள். சுவரில் இருந்த கறுப்புப் பொட்டையும் தேய்த்தாள்.

“பொட்டை என்னத்துக்கும்மா அழிக்கறே?” என்று நாற்காலியிலிருந்து கங்கா கேட்டாள்.

“அழுக்காட்டம் இருக்குடி கோந்தே.”

ஜாடியை வைத்துவிட்டுத் திரும்பினாள். சுவர் ஈரம் காய்ந்திருந்தது. திரையில் கிழிசல் இல்லை. அறை இப்போது படத்தில் உள்ளது மாதிரியே இருந்தது. கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. படத்தில் நாற்காலி காலி. இங்கேயும் காலி. மஞ்சள் மெத்தையில் ஒருவர் உட்கார்ந்த பள்ளம்கூட இல்லை.

கனகாம்பாள் ஜாடியைத் தூக்கித் தரையில் அடித்தாள். கண்மைச் சிமிழில் இருந்த மை முழுவதையும் விரலால் வழித்துச் சுவரெங்கும் அப்பினாள். கங்கா வரவில்லை. அறையில் பொழுது நகர்ந்தது, அந்தி வந்தது, ஒன்பது வருஷமாக வெளியே நிறுத்தி வைத்திருந்த மழையெல்லாம் உத்தரத்துக்குக் கீழே கொட்ட ஆரம்பித்தது. வைத்தீஸ்வரன் கிடங்கிலிருந்து வந்து முழங்கால் தண்ணீரில் நின்று மகளைக் கூப்பிட்டார். போலீஸ்காரர் குடையோடு உள்ளே வந்து எழுதிக்கொண்டு போனார்.

முன்னறையில் அந்த மழை நிற்கவே இல்லை. மட்டாஞ்சேரியில் கிணற்றுத் தண்ணீர் உப்பு, குடிதண்ணீர் வள்ளப் படகில் வர வேண்டும். அடுத்த வேனலில் வள்ளம் வராத ஒரு நாள், பக்கத்து வீட்டுக் கமலாக்ஷி ஒரு குடத்தோடு வந்து தயங்கி நின்றாள். கனகாம்பாள் கதவைத் திறந்துவிட்டாள். பிறகு தெருவே வந்தது. தண்ணீர் நன்றாக இருப்பதாகவும் பருப்பு சீக்கிரம் வேகிறது என்றும் பேசிக்கொண்டார்கள். கனகாம்பாள் மட்டும் அதில் ஒரு வாய் குடித்ததில்லை. புதிதாக வந்த ஒருத்தி, மழைக்கு நேரே கிடக்கும் பிரம்பு நாற்காலி வீணாகிறதே என்று நகர்த்தப் போனாள்.

“அங்கேயே இருக்கட்டும்” என்றாள் கனகாம்பாள். “நனஞ்சுக்கட்டும். ரொம்ப ஆசைப்பட்டா.”

அதற்கப்புறம் எல்லோரும் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய்க் குடத்தை நிரப்பினார்கள்.