இரண்டு அங்குலத் தகராறு

சமையலறை அலமாரி மேலே ஏறிவிட்டது என்பது கணக்கு டீச்சரின் குற்றச்சாட்டு. ஆறு வருடத்துக்கு முன் தச்சர் அதை மாட்டியபோது, மேல்தட்டில் இருக்கும் சர்க்கரை டப்பாவை டீச்சர் நின்ற வாக்கிலேயே எடுப்பார். இப்போது எட்டினால் விரல் நுனி தட்டின் விளிம்பைத்தான் தொட்டது. போன மாதம் கதவுக் கீல் மாற்ற வந்த தச்சர் யாரையும் கேட்காமல் இதையும் கழற்றி ஏற்றி மாட்டிவிட்டார் என்று டீச்சர் தீர்ப்பே எழுதிவிட்டார்.

முப்பத்து நான்கு வருட வேலையில் கரும்பலகையில் ஒரு விடையைக்கூட அழித்து எழுதாதவர் அவர். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த அவருடைய கணவருக்கு அதன் அர்த்தம் கல்யாணமான முதல் வாரமே விளங்கிவிட்டது. அன்றிலிருந்து அவரும் மனைவியை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுகிறார்.

தச்சர் வந்தார். வசவு முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, டேப்பை விரித்து அளந்து காட்டினார். ஆறே கால் அடி. மாட்டிய அன்று அவர் குறித்துவைத்த பழைய நோட்டிலும் ஆறே கால் அடி. டேப்பில் கோளாறு என்றார் டீச்சர். தன் மரஸ்கேலைக் கொண்டுவந்து தானே அளந்தார். அதுவும் தச்சர் பக்கமே பேசியது.

“சுவர் வளராது டீச்சரம்மா. தட்டும் வளராது. மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான்” என்று தயங்கித் தயங்கிச் சொன்னார் தச்சர்.

கதவுச் சட்டத்தில் டீச்சரை நிற்கவைத்து, தலைமேல் மூலைமட்டத்தை வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். நூற்று ஐம்பத்து மூன்று சென்டிமீட்டர். வேலையில் சேர்ந்தபோது வாங்கிய மருத்துவச் சான்றிதழில் நூற்று ஐம்பத்தெட்டு. டீச்சரில் இரண்டு அங்குலத்தைக் காணோம்.

மூன்று நாள் டீச்சர் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் டாக்டரிடம் போனார். முதுகுவலி உண்டா என்று டாக்டர் கேட்டார். உண்டு, அதற்காக இரண்டு மெத்தை மாற்றியாகிவிட்டது என்றார் டீச்சர். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு மெலியலாம், முதுகெலும்பு சத்தமில்லாமல் நசுங்கி உயரம் குறையலாம் என்று விளக்கிய டாக்டர், எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

பரிசோதனை அறையில் ஒரு நீளமான மேசை, அதன்மேல் வளைந்து நிற்கும் ஒரு கை. டெக்னீஷியன் பெண் டீச்சரின் வயது, எடை எல்லாம் கேட்டுக் கணினியில் தட்டிக்கொண்டே வந்தாள். உயரம் என்றதும் டீச்சர் திருப்பிக் கேட்டார்.

“பழசு சொல்லணுமா, புதுசு சொல்லணுமா?”

அந்தப் பெண் சிரிப்பை விழுங்கிக்கொண்டு தானே அளந்து எழுதினாள். பிறகு டீச்சரை மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களை ஒரு ஸ்பாஞ்சுப் பெட்டிமேல் தூக்கி வைத்தாள். அசையக் கூடாது என்றாள். நாற்பது பிள்ளைகளை அசையாமல் உட்காரவைத்த டீச்சருக்கு மூக்கு நுனி அரித்தது. இயந்திரக் கை மெல்ல ஊர்ந்து போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். ஊசி இல்லை, வலி இல்லை. கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

டீச்சர் கழற்றி வைத்த வளையல்களை மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள், ரிப்போர்ட் கணவர் கைக்கு வந்துவிட்டது. அதில் ‘மைனஸ் 2.9’ என்று இருந்தது. அவருக்கு உயிர் வந்தது. உடனே டீச்சரின் தங்கைக்கு, தன் அண்ணனுக்கு, பக்கத்து வீட்டுக்கு என்று வரிசையாகப் போன் போட்டு, ரிசல்ட் நெகட்டிவ், ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டார்.

டீச்சர் காகிதத்தை வாங்கி, அடியில் அச்சிட்டிருந்த விளக்கம்வரை படித்தார்.

“ஏங்க, இது காய்ச்சல் டெஸ்ட் இல்ல. நல்லா இருக்கிற இளவயசு எலும்பைப் பூஜ்யம்னு வெச்சு, அதுக்குக் கீழ எவ்வளவு இறங்கியிருக்குன்னு எண்ணுறாங்க. மைனஸ் ரெண்டரைக்குக் கீழ போனாலே எலும்புப்புரை.”

கணவர் போனைப் பையில் போட்டார். “எலும்பு உடைஞ்சிடுமா டீச்சர்?” என்று கேட்டார்.

“விழாம பார்த்துக்கிட்டா போதும்” என்றார் டீச்சர். அந்தக் குரல் வகுப்பில் யாரும் கேட்டிராத குரல்.

சாயங்காலம் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் டீச்சர் பூஜ்யம், மைனஸ் என்று எண்கோட்டுப் பாடத்தை முதலிலிருந்து நடத்த வேண்டியிருந்தது. தங்கைக்கு மட்டும் இரண்டு முறை. அதற்குள் கணவர், கால் இடறக் கூடாது என்று வீட்டிலிருந்த விரிப்புகளையெல்லாம் சுருட்டி நடைவழியில் அடுக்கிவிட்டார். டீச்சர் முதலில் இடறியது அந்த அடுக்கில்தான். நல்லவேளை, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மருந்து வாரத்துக்கு ஒரு மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் சாயாமல் நிமிர்ந்து இருக்க வேண்டும். கணவர் கடிகாரத்தோடு எதிரே உட்கார்ந்துகொள்வார். டீச்சரின் தலை கொஞ்சம் சாய்ந்தாலும் இருமுவார். தேர்வறையில் கண்காணிப்பு எப்படி இருக்கும் என்று டீச்சருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் அலமாரியை இறக்கி மாட்டத் தச்சரைக் கூப்பிட்டார்கள். அவர் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, டீச்சர் சுவரைப் பார்த்தபடி, “அன்னைக்கு நான் சொன்னது தப்பு” என்றார். கணவர் கையிலிருந்த தம்ளர் நழுவி விழுந்தது.

தச்சர் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை. திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, தன் மனைவியும் மூன்று மாதமாக வீட்டு அலமாரி எட்டவில்லை என்று சொல்வதாகவும், தான்தான் சிரித்துத் தள்ளிவிட்டதாகவும் சொன்னார். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. “அவளையும் காட்டணுமா டீச்சரம்மா?”

டீச்சரே அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். காத்திருந்த நேரத்தில் எண்கோட்டையும் நடத்தி முடித்தார். ரிசல்ட் மைனஸ் 0.4. எலும்பு கெட்டி, பழைய மருத்துவச் சீட்டில் இருந்த உயரமும் குறையவில்லை என்றார் டாக்டர்.

டீச்சர் நேரே மரஸ்கேலோடு தச்சர் வீட்டுக்குப் போனார். அலமாரியை அளந்தார். சுவரில் பழைய ஆணித் துளைகள் மூன்று அங்குலம் கீழே இருந்தன. மூன்று மாதத்துக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்த பிறகு திருப்பி மாட்டும்போது, சொந்த வீடுதானே என்று கண்ணளவில் மாட்டியதைத் தச்சர் ஒப்புக்கொண்டார்.

அவர் மனைவி மூலையில் கிடந்த ஸ்டூலையும் திருப்புளியையும் எடுத்துவந்து தச்சர் முன்னால் வைத்தார்.