பழ வாசனைப் பாட்டில்

அக்கா அழகு நிலையத்தில் நகச்சாயம் பூசுகிறவள். நெயில் பாலிஷைத் துடைக்கும் திரவம் எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும். கனிந்த பழத்தின் வாசனை. ஆனால் பசுத்தோல் போர்த்திய புலி. பூட்டிய அறையில் தலையைக் கிறுகிறுக்க வைக்கும், விரல்களை வறட்டும், தீயைக் கண்டால் குபீரென்று பற்றும். பஞ்சில் விட்டாலோ கண்மூடித் திறப்பதற்குள் ஆவியாகிவிடும். அவள் வீட்டுக்குள் நுழைந்தாலே "பழக்கடை வந்தாச்சு!" என்பாள் தங்கை. தங்கையை வாயாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

வாயாடிக்கு நுரையீரல் கெட்டு, மூச்சுவிடுவதே பெரும்பாடாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதும் அடம் பிடித்தாள்.

"சீக்காளி மாதிரியா போறது? கருஞ்சிவப்பு போட்டு விடுக்கா."

பத்து நகத்துக்கும் பூசியாயிற்று. "ஊத எனக்கு மூச்சில்ல, நீயே ஊது" என்று கைகளை நீட்டினாள்.

மறுநாள் மூச்சு இழுக்கத் தொடங்கியது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கிளிப்பை நர்ஸ் அவள் விரலில் மாட்டிப் பார்த்தாள். மெஷினில் எண்ணே வரவில்லை.

"சாயம் தடுக்குது. காதுல மாட்டுறத அடுத்த வார்டுல கேட்டிருக்கேன். அதுக்குள்ள ஒரு நகத்தையாவது துடைங்க."

அக்கா பாட்டிலை எடுத்ததும் நர்ஸ் பதறிவிட்டாள். "இங்க ஆக்சிஜன் ஓடுது, திறக்காதீங்க! வெளிய போய் பஞ்ச மட்டும் நனைச்சுட்டு வாங்க."

அழகு பார்க்கப் போய் இப்படி ஆகிவிட்டதே என்று தன்னையே சபித்துக்கொண்டு ஓடினாள் அக்கா. திரும்பி வருவதற்குள் பஞ்சு காய்ந்துவிட்டது. தேய்த்ததில் சாயம் பரவியதே தவிரப் போகவில்லை. மறுபடி ஓடினாள்.

"பழக்கடை... ஓடிட்டே இருக்கு" என்றாள் வாயாடி, முகமூடிக்குள்ளிருந்து.

"வாய மூடிட்டு மூச்ச விடுடி!" என்று எரிந்து விழுந்தாள் அக்கா.

வாயாடி வாயை மூடிக்கொண்டாள். அடுத்த முறை சொட்டச் சொட்ட நனைத்த பஞ்சைக் கைக்குள் பொத்தி வந்து ஆள்காட்டி விரலைச் சுத்தமாகத் துடைத்தாள் அக்கா. கிளிப்பை மாட்டியதும் மெஷின் எண்ணைக் காட்டியது. அதைப் பார்த்த நர்ஸ் டாக்டரைக் கத்திக் கூப்பிட்டாள். அக்காவை வெளியே அனுப்பினார்கள்.

திரும்ப அழைத்தபோது முகமூடியைக் கழற்றியிருந்தார்கள்.

"ஆக்சிஜன மூடியாச்சும்மா" என்றாள் நர்ஸ் மெதுவாக. "மத்த நகத்தத் துடைக்கணும்னா இனி இங்கயே திறக்கலாம்."

அக்கா தலையாட்டி மறுத்தாள். திட்டித்தானே அனுப்பினேன் என்று நெஞ்சு வெடித்தது. பையிலிருந்து கருஞ்சிவப்பை எடுத்து, வெறுமையாக இருந்த அந்த ஒற்றை நகத்துக்குப் பூசினாள். பிறகு குனிந்து, அது காயும் வரை ஊதினாள்.