மாமனார் போட்ட பெருக்கல் குறி

“ஏங்க, ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு எதுக்கு விட்டிருக்காங்க?”

“வாலிபால் ஆடத்தான்.”

கேட்டவள் மனைவி. பதில் சொன்னவர் கணவர், லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க ஊரார் வீட்டு லிஃப்டை மேலும் கீழும் ஓட வைத்துவிட்டு, லீவு நாளில் தானே வலைக்கு முன்னால் மேலும் கீழும் குதிக்கப் போய்விடுவார். கல்யாணமான புதிதில் “இந்த வருஷத்தோட சரி” என்றார். மகள் பிறந்ததும், “ஒரே ஒரு கோப்பை ஜெயிச்சிடறேன், அதோட சரி” என்றார். மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. கோப்பை இன்னும் வந்து சேரவில்லை.

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்கள் கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, “இப்பத் தெளிவா தெரியுதா? இப்ப?” என்று நாள் முழுக்கக் கேட்பாள். வீட்டிலும் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். அவரும் “தெரியுது, தெரியுது” என்றபடி ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய அப்பா வந்து சேர்ந்தார், கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டு பிரித்து, கைத்தடியோடு. பல்சக்கரம் செய்கிற தொழிற்சாலையில் சரக்கைச் சோதித்து அனுப்புகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு சக்கரத்தையும் கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பார். நல்லதென்றால் சாக்பீஸால் ஒரு டிக். இல்லையென்றால் ஒரு பெருக்கல் குறி. அது விழுந்தால் விழுந்ததுதான், முதலாளியே வந்து நின்றாலும் அழிக்க மாட்டார். ஓய்வு பெற்றும் சட்டைப் பையில் சாக்பீஸ் ஓய்வு பெறவில்லை. மகள் வீட்டில் நாற்காலிக்கு ஒரு கால் ஆடியது. முதல் நாளே அதில் பெருக்கல் போட்டுவிட்டுத்தான் டீயைக் கையில் வாங்கினார்.

“டாக்டர் அப்பாவைத் தினம் நடக்கச் சொல்லியிருக்கார். மத்த நாள் நான் பார்த்துக்கறேன். ஞாயித்துக்கிழமை நீங்கதான் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

“ஞாயித்துக்கிழமையா?”

“ஏன், அன்னைக்கு எங்கப்பாவுக்குக் கால் லீவா?”

மெக்கானிக் மாமனாரின் கைத்தடியை எடுத்துக் கொடுத்தார். ஆனால் பூங்காவுக்கும் மைதானத்துக்கும் ஒரே பாதை. பூங்கா வாசலில் மாமனார் நின்றார், மாப்பிள்ளை நிற்கவில்லை.

“மாப்பிள்ளை, பார்க் இதோ இருக்கே?”

“உள்ள ஒரே கொசு மாமா. கொஞ்சம் தள்ளிப் போனா நல்ல காத்து வரும்.”

நல்ல காற்று வந்த இடத்தில் வலை கட்டியிருந்தது. கடைத்தெரு அணி அங்கே ஆடுவதை விடச் சண்டை போடுவது அதிகம். யார் ஆடுவது, யார் உட்காருவது என்பதிலேயே பாதிக் காலை போய்விடும். கேப்டன் மருந்துக்கடைக்காரர். சண்டை முற்றிய ஒரு நேரத்தில், பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்து, “ஐயா, நீங்க வெளியாளு. நீங்களே பார்த்துச் சொல்லுங்க, யார் ஆடலாம்னு” என்று சொல்லிவிட்டார். மரியாதைக்குச் சொன்னதுதான். பெரியவரோ சாக்பீஸை வெளியே எடுத்தார்.

அன்றிலிருந்து பெஞ்சுப் பலகையில் ஆளுக்கு ஒரு கட்டம். டிக் விழுந்தவர் ஆடலாம், பெருக்கல் விழுந்தவர் பந்து பொறுக்கலாம். பேக்கரிக்காரருக்கு முதல் வாரம் பெருக்கல்.

“ஐயா, நான் என்ன தப்பு பண்ணேன்?”

“பந்து வர்றப்ப நகரணும் தம்பி. நீங்க பந்துக்கு வழிவிட்டு நிக்கறீங்க.”

பேக்கரிக்காரர் கோபத்தில் ஓடப் பழகினார். அந்த வருஷக் கோப்பைப் போட்டியில் அணி ஜெயிக்க ஆரம்பித்தது. யாருக்கும் நம்ப முடியவில்லை, முக்கியமாக ஜெயித்தவர்களுக்கு.

பெரியவர் குரல் கம்மிப்போய் வீடு வந்தார்.

“பார்க்ல யார்கிட்டப்பா அப்படிக் கத்துனீங்க?”

“புறாகிட்டம்மா.”

சட்டையை ஊறவைத்தபோது சாக்பீஸ் கரைந்து தண்ணீர் பாலாகிப்போனது. இரண்டு பேரும் பூங்காவுக்குப் போகவில்லை என்பது அவளுக்குத் தெளிவாகவே தெரிந்துவிட்டது. ஆனால் அப்பா கைத்தடியை மறந்துவிட்டு மாடிப்படி ஏறுகிறார், தட்டைக் காலி பண்ணுகிறார். தெரியாத மாதிரி இருந்துவிட்டாள்.

அரையிறுதிக்கு மறுநாள் இரவுச் சாப்பாட்டின்போது விஷயம் வெடித்தது. மெக்கானிக் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, உடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல.” மாமனார் தண்ணீர் குடித்தார். “பெருக்கல் போட்டிருக்கேன்.”

“யாருக்கு?”

“இவருக்குத்தான். ஃபைனல்ஸ்ல இவர் வேண்டாம்.”

மகள் சிரிப்பை அடக்கப் பார்த்துப் புரையேறிக்கொண்டாள். மனைவிக்கு உள்ளே குதூகலம். இத்தனை வருஷம் தான் மல்லுக்கட்டியும் நடக்காததை, அப்பா ஒரு சாக்பீஸில் முடித்துவிட்டாரே!

அந்த ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரர் ஸ்கூட்டரில் வந்து மாமனாரைப் பயிற்சிக்கு ஏற்றிக்கொண்டு போனார். மருமகன் வாசலில் நின்று கையசைத்தார். பிறகு குடும்பத்துக்காக வாழ வீட்டுக்குள் வந்தார்.

முதலில் கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டார், தரையெல்லாம் வழிகிற அளவுக்கு. ஃபிரிட்ஜைத் திறந்து, மூடி, சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டினார். அடுப்படிக்கு வந்தார்.

“வெங்காயத்தை இப்படிக் குறுக்க வெட்டுனா சீக்கிரம் முடியுமே?”

“எனக்கு அவசரமில்ல.”

“இந்தப் பாத்திரம் ஏன் இங்க இருக்கு?”

“நீங்க ஏன் இங்க இருக்கீங்க?”

மகளிடம் போய், அவள் படித்துக்கொண்டிருந்த பாடத்தைத் தான் விளக்கினார். கொஞ்ச நேரத்தில் மகள் புத்தகத்தோடு அடுப்படிக்கு ஓடி வந்தாள்.

“அம்மா, அப்பாவைக் கொஞ்சம் வெளிய விளையாட அனுப்பேன்.”

பிறகு சத்தமே இல்லை. மனைவி எட்டிப் பார்த்தாள். அவர் ஜெர்சியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். போட்டு, மடித்து, மடிப்பைப் பார்த்தார். பிரித்து, மறுபடி பெட்டியைச் சூடாக்கினார்.

“கடைக்கு வர்றவங்க பழைய கண்ணாடியைக் கையில வச்சுத் தடவிட்டே இருப்பாங்க, தூக்கிப்போட மனசு வராது” என்று மகளிடம் சொன்னாள். மகளுக்கு எதற்கு என்று புரியவில்லை. அம்மா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மைதானத்தில் அவள் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

“அப்பா, என் வீட்டுக்காரரை எதுக்கு வெளிய உட்கார வச்சீங்க?”

“பயிற்சி நடக்குதும்மா, அப்புறம் பேசு.”

“இப்பவே பேசணும்.”

“அவர் நல்லாத்தான் அடிக்கிறார். அடிச்சிட்டு வலை மேல சாயறார். வலையில கை பட்டா பாயிண்ட் அந்தப் பக்கம் போயிடும். குறை உள்ள சரக்கை நான் வெளிய விடமாட்டேன்னு உனக்குத் தெரியாதா?”

“எனக்குக் கட்டி வச்சீங்களே, அன்னைக்கு எங்க போச்சு உங்க சாக்பீஸ்?”

பேக்கரிக்காரர் சர்வீஸ் போடத் தூக்கிய பந்து அவர் தலையிலேயே விழுந்தது. மற்றவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் லேஸ் அவிழ்ந்துவிட்டது, குனிந்துகொண்டார்கள்.

“அன்னைக்கு வலை இல்லையேம்மா” என்றார் பெரியவர், தணிந்த குரலில்.

“ஒரு நாள் அவரை வீட்டுல வச்சிருந்து பாருங்கப்பா. குடும்பத்தோட இருக்கணும், இருக்கணும்னு நான்தான் உயிரை எடுத்தேன். இருக்கார். பாவமா இருக்குப்பா. அவர் இங்கயே இருக்கட்டும்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே கேட்டது.

பெரியவர் பெஞ்சிலிருந்த பெருக்கலைப் பார்த்தார். அழிக்கவில்லை. “தொழிற்சாலையில கழிச்ச சரக்கை ஒரு தடவை திருத்தக் குடுப்போம். மொட்டை மாடியில வலை உயரத்துக்குக் கயிறு கட்டு. தினம் காலைல குதிக்கட்டும். கயிறு படக்கூடாது. நீ நின்னு பார்க்கணும். அவர் சொல்றதை நம்பாதே.”

அப்படியாக, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை எதிர்த்தவள் தினமும் விடிந்ததும் கணவரைத் தட்டி எழுப்பத் தொடங்கினாள். துணி காயப்போடும் கயிற்றையே உயர்த்திக் கட்டினார்கள். இந்தப் பக்கம் வாளியோடு அவள், அந்தப் பக்கம் அவர்.

“பட்டுச்சு.”

“எங்க பட்டுச்சு? காத்துல ஆடுது.”

“சுண்டு விரல் பட்டுச்சு. மறுபடி.”

குதித்துக் குதித்து மூச்சு வாங்கும்போது அவர் பேசினார். எந்தக் கட்டடத்து லிஃப்டில் யார் மாட்டிக்கொண்டார்கள், உள்ளே இருந்தவர் கதவைத் தட்டித் தட்டி என்ன பாடு பட்டார். அவள் கண்ணாடிக் கடையில் நடப்பதைச் சொன்னாள். வாளி காலியான பிறகும் சில நாள் கீழே இறங்காமல் நின்றார்கள். மகள் படியேறி வந்து, “ரெண்டு பேரும் பேசறீங்க, ஏதாவது பிரச்சனையா?” என்று விசாரித்தாள்.

இறுதி ஆட்டத்தன்று பெஞ்சில் இருந்த பெருக்கலை மாமனார் கட்டை விரலால் தேய்த்து அழித்தார். டிக்கும் போடவில்லை. “ஆடட்டும், பார்ப்போம்” என்றார்.

ஆடினார். கைக்கு வந்த பந்தையெல்லாம் எதிராளி காலடியில் இறக்கினார். மகள் பெஞ்சின் மேலேயே ஏறி நின்றுவிட்டாள். கடைசி செட்டில் இவர்களுக்கு இன்னும் ஒரு பாயிண்ட் கிடைத்தால் கோப்பை. பந்து உயர்ந்தது, மெக்கானிக் எழும்பி ஓங்கி அடித்தார். அந்தப் பக்கம் யாராலும் தொட முடியவில்லை. கடைத்தெருவே கூச்சல் போட்டது.

அந்தக் கூச்சலுக்குள் மாடியில் பழகிய ஒரு குரல் தன்னை மறந்து கேட்டது.

“பட்டுச்சு!”

கூச்சல் அப்படியே நின்றது. அம்பயர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். அவர் பார்த்திருக்கவில்லை. மெக்கானிக்கிடம் கேட்டார்: “பட்டுச்சாங்க?”

மெக்கானிக் தன் அணியைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். மனைவியைப் பார்த்தார். அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தாள், கண்ணை மட்டும் பொத்தவில்லை. சுண்டு விரலை ஒரு தரம் மடக்கிப் பார்த்தார்.

“பட்டுச்சு” என்று கையைத் தூக்கினார்.

பாயிண்ட் போனது. பின்னாலேயே கோப்பையும் போனது. பேக்கரிக்காரர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மாமனார் யாரோடும் பேசாமல் சாக்பீஸை எடுத்து, காலியாக விட்டிருந்த கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு எழுந்து நடந்தார். கைத்தடியைப் பேத்திதான் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது தாத்தாவும் பேத்தியும் முன்னால், இவர்கள் பின்னால்.

“அம்பயரே பார்க்கலை.”

“பட்டுச்சுல்ல?”

“பட்டுச்சுதான். நீ யார் பக்கம்?”

“உங்க பக்கந்தான். உங்களைத் தவிர வேற யாரையும் நான் பார்க்கவே இல்லையே.”

பூங்கா வாசல் வந்தது. யாரும் நிற்கவில்லை.

“ஒரு கோப்பையோட சரின்னு சொல்லியிருந்தேன்ல” என்றார். “அந்தப் பாயிண்ட் விழுந்திருந்தா இன்னையோட விட்டிருப்பேன்.”

“தெரியும்.”

அவர் நின்று அவள் முகத்தைப் பார்த்தார். “தெரிஞ்சுதான் கத்துனியா?”

“நாளைக்குத் துவைக்க நிறைய இருக்கு” என்றாள் அவள். “கயித்தைக் கொஞ்சம் ஏத்திக் கட்டுங்க.”