தாமரிக்கு அடுத்த வரி

1

இந்தக் கதை கேலி செய்வதற்காகத் தொடங்கப்பட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடுவழியில் என் முகம் மாறினால், அதை உத்தி என்று யாரும் பாராட்டிவிடக்கூடாது.

மொன்றியலில், 2006ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், ஒரு தமிழ் வாசகர் வட்டம் ஒரு தடித்த நாவலை வாசித்தது. உள்நாட்டுப் போருக்கு முந்திய அமெரிக்கத் தெற்கு. பருத்தித் தோட்டம். வெள்ளைத் தூண்கள் வைத்த பெரிய வீடு. வீட்டுக்குப் பின்னால் அடிமைகளின் குடிசைகள். அறுநூறு பக்கம். நாவலின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் வாங்குவீர்கள்; வாங்கினால் வாசிக்கமாட்டீர்கள்.

அந்த நாவலைப் பற்றி வட்டத்தினர் சொன்ன கருத்துகளைத் தொகுத்து நாலு சிரிப்புச் சிரிப்பது என் திட்டம். மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

“பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு—” வேண்டாம். கனடாவில் தமிழில் கதை எழுதுகிறவர்கள் கொட்டிய பனியை அள்ளவே தனி நகரசபை வேண்டும்.

“இலக்கியம் மனிதனை மனிதனாக—” இது உருத்திரமூர்த்தியின் வாக்கியம். அவர் இரண்டாம் பகுதியில் வருவார். அதுவரை அது அவரிடமே இருக்கட்டும்.

“பேனாட் கொப்பியைத் திறந்தான்.” இது போதும்.

2

பேனாட் கொப்பியைத் திறந்தான்.

(பேனாட் நான் இல்லை. அவனுக்கு நாற்பத்தெட்டு வயது. எனக்கு அதைவிடக் கூட. அவனுக்கு இன்னும் தலைமயிர் இருக்கிறது.)

டவுன்டவுனில் ஓர் அலுவலகத்தில், கணினியில் படிவங்களை ஒழுங்குபடுத்துவது அவன் வேலை. குழம்பிக் கிடக்கும் எதையும் வரிசைப்படுத்தாமல் விட்டால் அவனுக்குக் கை உளையும். மாதம் ஒருமுறை சமூகப் பத்திரிகையில் ‘ஊசிமுனை’ என்று ஒரு பத்தி எழுதுவான். ஊதிப் பருத்தவர்களுக்கெல்லாம் அதில் காற்று இறங்கும். இந்த மாதம் வட்டத்தின் முறை.

வட்டம் கூடுவது தமிழ்க் கத்தோலிக்கர்களின் ஆலயத்து நிலவறை மண்டபத்தில். தலைவர் உருத்திரமூர்த்தி டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருந்து கார் ஓட்டி வரும் பழுத்த சைவர். ஆனால் மண்டபம் இலவசம். அந்த அளவில் அவருக்கு எம்மதமும் சம்மதம். வட்டத்துக்கு ஒரேயொரு விதி: புத்தகத்தோடு ஒரு கருத்துக் கொப்பியும் வீடுவீடாகப் போகும். அதில் எழுதாதவர் கூட்டத்தில் வாய் திறக்கக்கூடாது. ஆகவே வாசிக்காதவர்களும் எழுதியிருந்தார்கள்.

உருத்திரமூர்த்தி நான்கு பக்கம். ‘சொல்லாடல்’ பதினொரு இடத்தில் வந்தது. நாவலின் பாத்திரங்களில் முதல் நாற்பது பக்கத்துக்குள் அறிமுகமானவர்கள் மட்டும் வந்தார்கள்.¹

ஆனந்தராசா, புரோசார்ட்டில் வீடு விற்பவர்: “அந்தப் பெரிய வீட்டில் எத்தனை அறை என்று ஆசிரியர் தெளிவாகச் சொல்லவில்லை. கூரையின் நிலைமை பற்றியும் தகவல் இல்லை.”

பாலாம்பிகை: “வெயில் நல்லாய் எழுதியிருக்கு. பெப்ரவரியில் வாசிக்க வேண்டிய புத்தகம்.”

அடுத்து மூவர், மூன்று வேறு பேனைகளால்: “மேலே சொன்னவரின் கருத்தே என் கருத்தும்.”

பேனாட்டுக்கு வாயூறியது. பத்தி தானாகவே எழுதிக்கொண்டு போனது. பக்கத்தைப் புரட்டினான். கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி. குண்டு குண்டான எழுத்து. கீழே, அல்போன்சம்மா.

“தாமரிக்குப் பூசைக்கு எழுதிக் குடுத்திருக்கு. பெடியனுக்கு எழுதேல்லை.”

¹ அடிமைமுறையின் கொடுமையை நினைத்து அவர் கண்ணீர் விட்டதாக மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறார். மகளுக்கு வந்த சம்பந்தத்தில், சாதியை அறிய அவர் கேட்ட முதல் கேள்வி, “அவை என்ன ஆக்கள்?” இந்த அடிக்குறிப்பை நீக்கச் சொல்லி ஒரு நண்பர் கேட்டார். நீக்கவில்லை.

3

இங்கே இரண்டு விளக்கம் தேவை. கதை நடுவில் விளக்கம் சொல்வது பிழை என்பார்கள். வாசகரைத் தடக்கி விழுத்துவது அதைவிடப் பிழை.

முதலாவது, தாமரி யார். நாவலில் டமாரிஸ் என்றொரு அடிமைப் பெண். பெரிய வீட்டுத் துணி வெளுப்பவள். அவளுடைய ஒன்பது வயது மகன் ஆமோஸை ஒரு காலையில் விற்றுவிடுகிறார்கள். நானூற்றெண்பதாம் பக்கத்தில் அவள் காய்ச்சலில் இறக்கிறாள். வயல் கரையில் பெயர்ப்பலகை இல்லாமல் புதைக்கிறார்கள். ஆமோஸுக்கு என்ன நடந்தது என்று நாவல் கடைசிவரை சொல்வதில்லை. டமாரிஸ் என்பது வேதாகமப் பெயர். தமிழ் வேதாகமத்தில் தாமரி. அல்போன்சம்மாவின் மகள் ஷெரோன் புத்தகத்தைப் பிரெஞ்சில் வாசித்து, தாய் சமைக்கும்போது தமிழில் கதையாகச் சொன்னாள். மூன்று கிழமை எடுத்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒருத்தி பிரெஞ்சு வழியாக வந்து, மொன்றியல் அடுப்படியில் தாமரியாகிவிட்டாள்.

(அல்போன்சம்மா டவுன்டவுன் ஹொட்டேல் ஒன்றில் வெளுத்த விரிப்புகளை மடிப்பவர். பருத்தி வயல், பருத்தி விரிப்பு என்று ஓர் உவமை எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். உவமைக்காக நானே அவரை அந்த வேலையில் சேர்த்துவிட்டதுபோல் இருந்தது.)

இரண்டாவது, பூசைக்கு எழுதிக் கொடுப்பது. நவம்பர் மரித்தோரின் மாதம். ஒவ்வொரு குடும்பமும் தன் இறந்தவர்களின் பெயர்களைக் கோடு போட்ட ஒரு தாளில் எழுதி ஆலயத்தில் கொடுக்கும். அம்மாதத்து ஞாயிறுகளில் அந்தப் பெயர்கள் பூசையில் வாசிக்கப்படும். வாசிப்பவர் நீக்கிலாப்பிள்ளை மாஸ்டர். அந்த வருடம் அவர் கண்ணில் புரை விழுந்திருந்ததால், கையெழுத்துத் தாள்களை எல்லாம் பெரிய எழுத்தில் ரைப் பண்ணித் தரச் சொல்லிப் பங்குச்சபை கேட்டது. யாரை? படிவங்களை ஒழுங்குபடுத்தும் பேனாட்டை.

நாற்பத்து மூன்று தாள். அவற்றைக் கண்டதும் பேனாட்டுக்குக் கை உளைந்தது. குடும்பம் குடும்பமாகக் குழம்பிக் கிடந்த முந்நூறு சொச்சப் பெயர்களையும் அகர வரிசையில் அடுக்கினான். அல்போன்சம்மாவின் தாளில் தாமரி இருந்தாள். பத்திக்கு ஆதாரம் என்று சந்தோசமாக ரைப் பண்ணினான். அதே தாளில், நாலாவது வரிக்கும் ஆறாவது வரிக்கும் நடுவில் ஒரு வரி எழுதப்படாமல் கிடந்தது. அவசரத்தில் தவறவிட்டிருப்பார் என்று நினைத்தான்.

எடுத்துவிட்டான்.

4

நவம்பர் முதல் ஞாயிறு பேனாட் மூன்றாம் வரிசையில் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தாமரி வந்தாள். தாசீசியசுக்குப் பிறகு, திரேசம்மாவுக்கு முன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் கவனித்தான். வழக்கமாக மாஸ்டர் வாசிக்கும்போது நடுவில் ஓரிடத்தில் மூச்சு நின்றுபோகும். ஒரு முழு மூச்சளவு மௌனம். பிறகுதான் அடுத்த பெயர். மூன்று வருடத்துக்கு முன் ‘ஊசிமுனை’யில் பேனாட் எழுதியிருந்தான்: “மாஸ்டருக்கு மூச்சுமுட்டும் தொய்வு வருத்தம் வருடத்தில் நவம்பரில் மட்டும், அதுவும் வலன்ரைன் குடும்பத்துப் பெயர்களோடுதான் வரும்.” ஊரே சிரித்தது. இந்த முறை மாஸ்டர் நிற்கவே இல்லை. பெரிய எழுத்தின் மகிமை என்று பேனாட் தன்னையே மெச்சிக்கொண்டான்.

வாசித்து முடிகிறபோது அல்போன்சம்மா எழுந்து வெளியே போவதைக் கண்டான். பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும் என்று நினைத்தான்.

(வலன்ரைன் யார் என்று கேட்கிறீர்களா? அல்போன்சம்மாவின் இறந்துபோன கணவர். பேனாட் அன்றைக்கு இதை இணைத்துப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அவனைவிட நீங்கள் நல்ல வாசகர்.)

5

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் வட்டம் கூடியது. கதிரை அடுக்குவதற்காக நீக்கிலாப்பிள்ளை மாஸ்டரும் ஓர் ஓரமாக நின்றார்.

உருத்திரமூர்த்தி கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார்.

“கதாபாத்திரத்துக்குப் பூசை! அம்மா, பிரதிக்குள்ளே ஆள் இல்லை. மொழி மட்டும்தான் இருக்கு.”

“இருக்கட்டும் அண்ணை,” என்றார் அல்போன்சம்மா. “செத்தவவுக்குத்தானே குடுத்தனான்? உயிரோட இருக்கிறவைக்கே குடுத்தனான்?”

எல்லோரும் சிரித்தார்கள். பேனாட் குறிப்புப் புத்தகத்தை விரித்துக் குறிப்பெடுக்கத் தயாரானான்.

“அக்கா, அவ கற்பனைதானே?” என்று கேட்டான்.

“ஓம் தம்பி, ஷெரோன் சொன்னவள். ஆனா அப்பிடி வயல் கரையில தாட்ட பொம்பிளையள் எத்தினை பேர் இருந்திருப்பினம்? அவையின்ர பேரை ஆர் எழுதி வைச்சது? எனக்கு ஒரு பேர் கிடைச்சுது. எழுதினன். ஆருக்குப் போய்ச் சேரோணுமோ அவைக்குச் சேரட்டும்.”

பேனாட்டின் பேனை நின்றது. நூற்றைம்பது வருடத்துக்கு முன் செத்தவர்களுக்காக, அவர்கள் ஊர் எது என்றுகூடச் சரியாகத் தெரியாத ஒருத்தி, பெயரை எழுதி ஆலயத்தில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அந்த நாவலாசிரியர் இதைக் கேட்டால் என்ன செய்வார்? தனக்குக் கிடைத்த மதிப்புரைகள் அத்தனையையும் கொளுத்திவிடுவார் என்று தோன்றியது.

“சரியாத்தான் சொல்லுறா,” என்றார் பாலாம்பிகை, மெதுவாக.

தலைவர் விடுவாரா?

“அதை விடுவம். நாவலின் உச்சத்துக்கு வருவம். ஆமோஸுக்கு என்ன நடந்தது எண்டு சொல்லாமல் விட்டாரே, அதுதான் கலை. திறந்த முடிவு! வாசகனுக்கு எவ்வளவு பெரிய சுதந்திரம்!”

“சுதந்திரமோ?”

அல்போன்சம்மா குரலை உயர்த்தவில்லை.

“அண்ணை, நான் பதினாறு வரியமா அந்தச் சுதந்திரத்துக்குள்ளதான் இருக்கிறன்.”

மண்டபத்தின் வெப்பக்குழாய் டொக் டொக்கென்று அடித்தது. அல்போன்சம்மா பேனாட்டின் பக்கம் திரும்பினார்.

“லிஸ்ற் ரைப் பண்ணினது நீங்கள்தானே தம்பி? என்ர அஞ்சாவது வரியை எங்க விட்டனீங்கள்?”

“அது வெறும் வரி அக்கா. அதுதான் எடுத்துப்போட்டன்.”

“வெறும் வரி இல்லை. அது என்ர மூத்தவன், ஜெனாட். தொண்ணூறாம் ஆண்டு, மன்னாரில. சைக்கிளைத் திருத்தக் குடுத்திட்டு வாறன் எண்டு போனவன், பதினேழு வயசு, இன்னும் வரேல்லை. எழுதினா அவன் செத்ததாப் போயிடும். எழுதாட்டி நான் மறந்ததாப் போயிடும். நான் என்ன செய்யட்டும்? ஒரு வரியை விட்டு வைச்சிருக்கிறன்.”

பேனாட் தலையைத் திருப்பி மாஸ்டரைப் பார்த்தான். பார்க்கும்போதே அவனுக்கு விடை தெரிந்துவிட்டது. இருந்தும் கேட்டான்.

“மாஸ்டர், உங்களுக்குத் தொய்வு இல்லையோ?”

“எனக்கென்ன தொய்வு?” கையில் இருந்த கதிரையைக் கீழே வைத்தார். “அந்தப் பிள்ளைக்கு ஒரு வரி கிடந்துது. வரி கிடந்தா வாசிக்கத்தானே வேணும்? இந்த முறை நீர் தந்த தாளில இல்லை. கண் தெரியாமல் நான்தான் விட்டிட்டனாக்கும் எண்டு நினைச்சன்.”

“நீங்கள் நிப்பாட்டுறது எனக்காக எண்டு தெரியும் மாஸ்டர்,” என்றார் அல்போன்சம்மா. “ஒருநாளும் கேட்டதில்லை.”

“கேக்கிறதுக்கு என்ன இருக்கு?” என்றார் மாஸ்டர். கதிரையை எடுத்து மற்றதன் மேல் அடுக்கினார்.

உருத்திரமூர்த்தி கொப்பியை மூடினார். அவருக்கும் ஒரு நியாயம் செய்யவேண்டும்: அன்றைக்குப் பிறகு அவர் வாயில் ‘திறந்த முடிவு’ வரவில்லை. ‘சொல்லாடல்’ வந்தது.

6

அன்று மாலையே பேனாட் பங்கு அலுவலகத்துக் கணினியின் முன் உட்கார்ந்தான். பக்கத்தில் அல்போன்சம்மா கோட்டைக் கழற்றாமல் நின்றார். பெயரில்லாத வரியை அகர வரிசையில் எங்கே வைப்பது? கணினி அதைப் பட்டியலின் அடியில் கொண்டுபோய்த் தள்ளியது. மறுபடி போட்டான். மறுபடி தள்ளியது.

“அக்கா, எல்லாத்தையும் கலைச்சுப் பழையபடி குடும்பம் குடும்பமாப் போட்டுத் தாறன். இரவாகினாலும் பரவாயில்லை.”

அல்போன்சம்மா திரையை எட்டிப் பார்த்தார். பெயர்களைத் தனக்குள் வாசித்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“வேண்டாம் தம்பி. தாமரிக்கு அடுத்ததா விடுங்கோ. அவவின்ர பெடியனும் வரவேண்டிக் கிடக்குத்தானே. ரெண்டு பேருக்கும் ஒரு வரி போதும்.”

பேனாட் தாமரிக்குக் கீழே கையாலேயே அந்த வரியைத் திறந்தான். அந்த மாதம் ‘ஊசிமுனை’ வரவில்லை. பத்திரிகை ஆசிரியர் பிறகு கேட்டபோது சுகமில்லை என்றான்.

7

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருந்தேன்.

(அ) தொலைபேசி அடிக்கிறது. மறுமுனையில் ஓர் ஆண்குரல், “அம்மா”— இரண்டு பக்கம் எழுதினேன். எழுதும்போது நானே அழுதேன். பிறகு கிழித்தேன். ஒரு பேனையால் அவனைக் கூட்டிவர முடியுமென்றால், பதினாறு வருடம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

(ஆ) அல்போன்சம்மா அந்த வரியில் ஜெனாட் என்று எழுதுகிறார். மனம் ஆறு— இல்லை. அந்தப் பேனை அவர் கையில் இருக்கிறது. நான் பிடுங்கக்கூடாது.

(இ) “முடிவை வாசகரிடமே விட்டுவிடுகிறேன்.” இது என் வழக்கமான வித்தை. என் கதைகளில் பாதி இப்படித்தான் முடியும். விமர்சகர்கள் மெச்சுவார்கள். இந்த முறை எழுதப்போனபோது “சுதந்திரமோ?” என்று ஒரு குரல் கேட்டது. கை போகவில்லை.

ஆகவே உங்களிடம் முடிவைத் தரவில்லை. வேறொன்று தருகிறேன்.

மறுநாள் ஞாயிறு. பேனாட் அதே மூன்றாம் வரிசை. இந்த முறை முழந்தாளில். அல்போன்சம்மா முன்னுக்கு இருக்கிறார், எழுந்து போகவில்லை. மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கிவிட்டார். இப்போது அந்தத் தாள் உங்கள் கையில் இருக்கிறது. ஓரிடத்தில் கோடு மட்டும் இருக்கும். தயவுசெய்து அதில் எதையும் எழுதாதீர்கள். தாண்டியும் போகாதீர்கள். அந்த இடத்தில் ஒரு மூச்சு எடுங்கள். பிறகு அடுத்த பெயரை வாசியுங்கள்.

தங்கராசா.

தாசீசியஸ்.

தாமரி.

________________

திரேசம்மா.