குல்சூமின் சம்மதம்

உம்றா யாத்திரை போகப் புறப்பட்டபோதுதான், தங்களுக்குக் கலியாணமே நடக்கவில்லை என்பது நெய்னாருக்கும் உம்மு குல்சூமுக்கும் தெரியவந்தது. கட்டாரில் வேலை செய்யும் மகன் அஸ்மி, பயண அலுவலுக்கு விவாகச் சான்றிதழ் கேட்டிருந்தான். பதிவுக் கந்தோரில் எவ்வளவு தேடியும் பதிவு அகப்படவில்லை.

தொண்ணூறில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, மன்னாரிலிருந்து வள்ளமேறி வந்து கற்பிட்டியில் கரையிறங்கிய சனம் அவர்கள். அகதி முகாமின் ஓலைக் கொட்டிலில் நிக்காஹ் முடித்து வைத்தவர் மீராசாஹிப் மௌலவி. குமர்ப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு தாய் தகப்பன்மார் அழுததைப் பொறுக்காமல் செய்துவைத்தார். ஆனால் அவர் பதிவுகாரராக நியமிக்கப்பட்டவர் அல்ல. அவரும் மௌத்தாகி அடங்கிக் கனகாலம். அவர் முடித்து வைத்த சோடிகள் எல்லோருக்கும் இதே கதிதான்.

அவர்கள் குடியிருக்கும் கண்டக்குழியில் முதலில் எல்லோரும் சிரித்தார்கள். "இவ்வளவு காலமும் அந்நியப் பொம்பிளைட சோத்தையா திண்டிருக்கிறன்?" என்றார் அதே கொட்டிலில் கலியாணம் முடித்த ஹாசிம், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே. அவர் மனைவி றஹ்மத் உம்மா புதுச் சாரி இல்லாமல் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள். நெய்னாரும் சேர்ந்துதான் சிரித்தார்.

சாட்சிகளோடு முதலில் போனது நெய்னாரும் குல்சூமும். புதிய பதிவுகாரர் இளம் ஆள். "மார்க்கப்படி நடந்ததை நான் குறை சொல்லல்ல, காக்கா. சட்டத்துக்கு அது கலியாணமில்ல. இண்டைக்குப் புதுசா எழுதுவம்" என்றார். நெய்னாரிடம் சம்மதம் கேட்டார். பிறகு குல்சூம் பக்கம் திரும்பினார்.

"இவரைக் கலியாணம் முடிக்க உங்களுக்குச் சம்மதமா, ராத்தா?"

குல்சூம் குனிந்து படிவத்தைப் பார்த்தாள். வெட்கமாக்கும் என்று நெய்னார் நினைத்தார்.

"முகாமில என்ட பெரியவாப்பாட்டத்தான் கேட்டவங்க" என்றாள் கடைசியில். "என்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல."

"இப்ப நான் கேக்கிறன்தானே?"

"ஓம். அதுதான் யோசிக்கிறன். இண்டைக்கு வேணாம், தம்பி."

திரும்பி வருகையில், ஆட்டோக்காரன் முன்னால் நெய்னார் கோபத்தை அடக்கிக்கொண்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தார். "ஆக்களுக்கு முன்னால என்ட மானத்தை வாங்கிட்டாய்."

குல்சூம் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். "குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போ எண்டு சொன்ன அண்டைக்கு ஒரு சொல்லுக் கேட்டீங்களா? ஏஜென்சிக்காரனோட கதைச்சு எல்லாத்தையும் முடிச்சிட்டுத்தான் என்னட்டச் சொன்னீங்க. அஸ்மி அப்ப பால்குடி மறக்கல்ல."

"வீட்டுக்காகத்தானே..."

"என்ட உம்மா மௌத்தானதைக் கிழமைக் கணக்கா மறைச்சீங்க. கேள்விப்பட்டா வேலையை விட்டுட்டு ஓடி வந்திருவன் எண்டு."

அவள் குரலை உயர்த்தவேயில்லை. மறைத்தது உண்மை. அதைத் தவறென்றுகூட அவர் நினைத்திருக்கவில்லை, குடும்பம் கொண்டு நடத்துகிறவனின் கெட்டித்தனம் என்றுதான் எண்ணியிருந்தார்.

அந்தக் கிழமையே அவள் மன்னாரில் மீளக் குடியேறியிருந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். மற்றச் சோடிகள் எல்லாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதிவு செய்து, சஹன் தட்டில் சேர்ந்துண்ணும் விருந்து கொடுத்தார்கள். நெய்னாரும் போய் உட்கார்ந்தார். "எங்க ராத்தா?" என்று கேட்டவர்களிடம், தம்பியின் புது வீடு பார்க்கப் போயிருக்கிறாள் என்றார்.

நோன்பு தொடங்கும் வரை கோபம் இருந்தது. பள்ளிவாசல் கஞ்சியை வாங்கிவந்து தனியே நோன்பு திறந்த நாட்களில், அது மெல்ல மெல்லக் கரைந்தது. இத்தனை வருடத்தில் அவளிடம் தான் என்ன கேட்டிருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தார். தேத்தண்ணி கேட்டிருக்கிறார். உடுக்கச் சாரன் எங்கே என்று கேட்டிருக்கிறார். வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை.

பெருநாள் கழிந்ததும் மன்னாருக்கு பஸ் ஏறினார். குல்சூம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் அவள் முகத்தைக் கண்டதும் மறந்துபோனது.

"குல்சூம், நான் செஞ்சது பிழை. பொறுத்துக்கொள். என்னை முடிக்க உனக்குச் சம்மதமா?"

அவள் எதிர்க் கதிரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த முகாமில இதைக் கேட்டிருந்தீங்க எண்டா, ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன். எனக்கு உங்களைப் புடிச்சுத்தான் இருந்தது."

"இப்ப?"

"இப்ப ஏலாது" என்றாள் மெதுவாக. "உங்கள்ல கோவமில்ல. நீங்க அஸ்மியோட உம்றாவுக்குப் போங்க. நான் தம்பியோட பிறகு போறன்."

பகல் சாப்பாட்டுக்கு மீன் ஆணம் காய்ச்சியிருந்தாள். பக்கத்தில் நின்று பரிமாறினாள். அவர் சாப்பிட்டு முடித்து, சலாம் சொல்லி வெளிக்கிட்டார்.

ஊரில் கேட்பவர்களுக்கு என்ன சொல்வதென்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தார். பஸ் அனுராதபுரத்தைத் தாண்டிய பிறகு, உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. கேட்டேன், மாட்டேன் என்றாள்.